உப்பளத்தில் பூச்சட்டை

மஞ்சள் துணி. அதில் பச்சைத் தென்னை ஓலைகள், ஓலைகளுக்கு நடுவே மூக்குச் சிவந்த கிளிகள். அந்தச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றி, உப்புக் கூடையைச் சுமந்து வரப்பில் நடந்துகொண்டிருந்தார் என் சித்தி. கல்லூரிக்குப் போகும் பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் முதலில் சட்டையைத்தான் பார்த்தேன். முத்தையாபுரத்திலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் வழியில் சாலையின் இருபுறமும் உப்பளம். காலை வெயிலில் பாத்தியும் வரப்பும் குவித்து வைத்த உப்பும் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. அதற்கு நடுவே ஒரு மஞ்சள் புள்ளி நகர்ந்தால் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். பின்னிருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். "கடல்ல புருசனப் பறிகுடுத்தவளாம். அவன் சட்டையப் போட்டுட்டு எப்படி நடக்கா பாரு." பேருந்து வளைவில் திரும்பி உப்பளம் மறையும்வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உப்பளத்தில் பெண்கள் ஆண்பிள்ளைச் சட்டை போடுவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. வெயில் மேலிருந்தும் சுடும், உப்பில் பட்டுக் கீழிருந்தும் சுடும். அதனால் வீட்டில் கிழிந்த முழுக்கைச் சட்டை எதுவோ அதைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக்கொள்வார்கள். எல்லாம் வெளுத்த வெள்ளையும் காக்கியும் கட்டம் போட்டதும்தான். சித்தி போட்டுக்கொண்டு போனவையோ அரைக்கைச் சட்டைகள். பளபளவென்று பூவும் கிளியும் மீனும் போட்டவை. முழங்கைக்குக் கீழே அவர் கைகளை மறைக்க ஒன்றுமில்லை. முதல் மாதத்திலேயே கொப்பளித்து, தோலுரிந்து, பிறகு பனங்கருக்கு மாதிரி கறுத்துச் சொரசொரப்பாகிவிட்டன.

அந்தச் சட்டைகள் சித்தப்பாவுடையவை. உடன்குடிப் பக்கம் பனங்காட்டுக் குடும்பத்தில் பிறந்து, மளிகைக் கடையில் நிற்கப் பிடிக்காமல் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர். ஒரு தடவை ஏறினால் ஒன்பது மாதம், பத்து மாதம் கழித்துத்தான் வருவார். சித்திக்குத் துணையாகத்தான் ஆத்தூரிலிருந்த என்னை அம்மா முத்தையாபுரத்துக்கு அனுப்பி, தூத்துக்குடியில் படிக்கவும் வைத்தாள். சித்திக்கு அப்போது ஒரே மகள், பால்வாடிக்குப் போகும் வயது.

சித்தப்பா ஊருக்கு வந்துவிட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆண்கள் வெள்ளையும் கோடும் கட்டமும் தவிர வேறு உடுத்தாத தெரு அது. பூ என்றால் அது பெண்களின் சேலையில் இருக்க வேண்டியது. அந்தத் தெருவில் ஒரு ஆள், நல்ல கறுப்பு, அகலத் தோள், ஆரஞ்சு நிறத்தில் உள்ளங்கை அகலப் பூக்கள் போட்ட சட்டையோடு டீக்கடைக்கு நடந்து போவார். கல்யாணமான புதிதில் சித்தி வெட்கப்பட்டு, சேலைத் துணியிலா சட்டை தைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாராம். சித்தப்பா கோபப்படவில்லை. கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கடைக்காரர் ஒருவர் என்ன அண்ணாச்சி இந்த வயசில் பூ என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "மாசக்கணக்கா ஒரே பாய்லர் சூட்டு. எல்லாரும் ஒரே கலரு, ஒரே அழுக்கு. முதுகப் பாத்தா எவன் எவன்னு தெரியாது. கரையில கால வச்சா நானும் ஒரு ஆளுன்னு எனக்கே தெரியணும்லா?"

அவர் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குகிறவர் இல்லை. துறைமுகங்களில் பழைய துணி விற்கும் கடைகளாகத் தேடிப் போவார். புதுச்சட்டையைவிட ஒருவர் உடுத்திப் பழகிய சட்டைதான் உடம்பில் ஒழுங்காக விழும் என்பார். தரையில் பாய் விரித்துச் சட்டைகளைப் பரப்பி எனக்கும் சித்திக்கும் காட்டுவார். சட்டைப் பையைத் தனியே வெட்டித் தைத்திருந்தாலும் அதில் இருக்கும் பாதிப் பூ சட்டையில் இருக்கும் மீதிப் பூவோடு ஒரு நூல் பிசகாமல் சேர வேண்டும். சேர்ந்தால்தான் தைத்தவன் மனசோடு தைத்திருக்கிறான். பொத்தான் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது. தேங்காய்ச் சிரட்டையில் செய்த பொத்தானைக் காட்டி, நம்ம ஊரில் அடுப்புக்குப் போகிறது அங்கே போய் நெஞ்சில் ஏறியிருக்கிறது என்பார். துணியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். பட்டு மாதிரி வழுக்கும், தண்ணீர் மாதிரி குளிரும் ரேயான். நாளடைவில் எனக்கும் அந்தச் சட்டைகள் பிடித்துப்போயின. எங்கோ ஒரு தீவில், வேலையில்லாத ஒரு நாளில், எந்த அவசரமும் இல்லாமல் நிற்கிற ஒரு மனிதன் அந்தத் துணிக்குள் இருந்தான். எங்கள் தெருவில் அப்படி யாரும் நின்று நான் பார்த்ததில்லை. ஆசைப்பட்டிருப்பார்கள்.

எல்லாவற்றிலும் உசத்தி, ஒரு முறை அவர் கப்பல் ஹவாய்த் தீவுக்கே போனபோது வாங்கியது. கருநீலத்தில் சிவப்புச் செம்பருத்திகள். ஊரில் எல்லோருக்கும் அது 'ஹவாய்ச் சட்டை'. அவருடைய அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அதைத்தான் போட்டிருந்தார். அந்த அண்ணன் எனக்குப் பெரியப்பா முறை. ஒருநாளும் வெள்ளை வேட்டி சட்டை தவிர உடுத்தாத கடைக்காரர். தம்பியின் பூச்சட்டையைத் திட்டிக்கொண்டே, வந்தவர்களிடமெல்லாம் அவனைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஊரிலிருந்து கிளம்பும்போது சித்தப்பா எல்லாச் சட்டைகளையும் பெட்டியில் அடுக்கி எடுத்துப் போவார். ஆனால் கப்பலில் ஒன்றைக்கூடப் போடமாட்டார். துறைமுகத்தில் இறங்க அனுமதி கிடைத்து, குளித்துவிட்டு, ஏணியில் இறங்கும் முன்புதான் பெட்டியைத் திறப்பார். எண்ணெய்ப் பிசுக்குப் படும் என்று நான் நினைத்தேன். அதற்காக இல்லை என்று சித்தி சொன்னார். கரைச் சட்டையைக் கடலில் போட்டால் கரைக்குப் போன மாதிரி இருக்காதாம்.

அவர் கடைசியாகக் கிளம்பிய பயணம் நீண்டுகொண்டே போனது. இறங்க வேண்டிய மாதம் கடந்தது. மாற்று ஆள் வரவில்லை என்று போனில் சொன்னார். அடுத்த மாதம் என்றார். பிறகு அடுத்த மாதம் என்று சொல்வதையும் விட்டுவிட்டு, மகளிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவார். ஒரு காலையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆள் இல்லை. கப்பலைத் திருப்பித் தேடியிருக்கிறார்கள். கடல் பெரிது. தவறி விழுந்திருக்கலாம் என்று சொன்னார்கள்.

சில வாரங்கள் கழித்துக் கம்பெனி சார்பில் ஒருவர் அவருடைய பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான். தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு கேட்கத் தொடங்கினார். வீட்டில் சண்டை ஏதும் உண்டா, மனசு சரியில்லாமல் இருந்தாரா, போனில் வித்தியாசமாக ஏதாவது சொன்னாரா. அவர் கேட்கக் கேட்க, சித்தி பெட்டியைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். கடைசிச் சட்டையும் வந்த பிறகு வெறும் பெட்டிக்குள் கையைவிட்டுத் தடவினார். அப்புறம் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி மூடினார். அழக்கூட முடியாத துக்கம் என்று நினைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். பொருளெல்லாம் சரியாக இருக்கிறதா என்று வந்தவர் கேட்டார்.

"எல்லாம் இருக்கு சார். அவிய சந்தோசமாத்தான் இருந்தாவ. கால் வழுக்கித்தான் விழுந்திருக்கணும்."

பெட்டியைப் பூட்டி, அதன் சாவியை அன்றைக்கே சித்தி தாலிக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

பெரியப்பா அடுத்து வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. உடம்பு கிடைக்காவிட்டாலும் தம்பிக்குக் காரியம் செய்யாமல் விட அவருக்கு மனசில்லை. பலகையில் அவன் போட்ட சட்டையை வைத்து, அதையே உடம்பாக நினைத்து மாலை போட்டுக் கொண்டுபோய் எரிக்கலாம் என்று பூசாரி சொல்லியிருந்தார். "அந்த ஹவாய்ச் சட்டையக் கொடும்மா. எம்மவ கல்யாணத்துக்குப் போட்டுட்டு நின்னான்லா, அது." சித்தி சுவரில் சாய்ந்தபடி, அவிய செத்துட்டாவன்னு யார் சொன்னா அத்தான் என்று கேட்டார். பெரியப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வேறு ஏதாவது ஒன்றைக் கொடு என்றுகூட இறங்கி வந்தார். சித்தி பெட்டியைத் திறக்கவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை.

கப்பல் சம்பளம் நின்றுபோனதால் சித்தி உப்பளத்துக்கு வேலைக்குப் போனார். போன முதல் நாளே மஞ்சள் கிளிச் சட்டை. நான் கல்லூரியிலிருந்து திரும்பி வந்தபோது அதைக் கிணற்றடியில் அலசிக்கொண்டிருந்தார். ஏன் சித்தி, பெட்டியிலேயே பத்திரமாக இருந்திருக்கலாமே என்று கேட்டேன். பிழிந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"பெட்டிக்குள்ள பூட்டி வச்சா அது செத்தவன் துணி ஏளா. நான் உடுத்துனா எங்க வீட்டு ஆளு சட்டை."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஊர் கேட்டது. பூச்சட்டைக்காரி என்று பெயர் வைத்தது. உப்பளத்துப் பெண்கள் நல்லவர்கள். கூட வேலை பார்த்த ஒரு மதினி தன் மகனுடைய முழுக்கைச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, கையைப் பாரு, புண்ணா இருக்கு, இதப் போட்டுக்கோ என்றாள். சித்தி அதை வாங்கி மடித்து அந்த மதினியின் தூக்குவாளிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்.

உப்புக்கு எதுவும் நிற்காது. இரும்பே நிற்காது. கூடையிலிருந்து வடியும் நீர் தோளிலும் முதுகிலும் இறங்கிக்கொண்டே இருக்கும். ரேயான் காய்ந்திருக்கும்போதுதான் பட்டு. நனைந்தால் பலமில்லாத துணி. முதலில் கிளிகளின் மூக்குச் சிவப்பு போனது. பிறகு ஓலைப் பச்சை. தோள் நைந்து இழை இழையாகப் பிரிந்தது. சித்தி ஒட்டுப் போட்டார், ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் கிழிந்தது. இனித் தைக்க முடியாது என்று ஆனதும் அடுத்த சட்டையை எடுத்தார். மீன் போட்டது போனது. ஆரஞ்சுப் பூ போனது. சித்தப்பா பல வருசம் பல துறைமுகங்களில் பொறுக்கிச் சேர்த்தவை, ஒவ்வொரு உப்புப் பருவத்திலும் இரண்டு மூன்றாகக் கந்தலாகிக் கரித்துணியாகி அடுப்படிக்கு வந்தன. ஒரு நாள் சூடான பாத்திரத்தை இறக்க நான் எடுத்த துணியில் பாதி அன்னாசிப் பழம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. சோறு குழைந்துபோனது.

ஒரு ஆடி அமாவாசைக்குப் பெரியப்பா மறுபடியும் வந்தார். அதற்குள் அவருக்கு நடை தளர்ந்திருந்தது. கடற்கரையில் தம்பிக்கு எள்ளும் தண்ணீரும் விடப் போவதாகவும், கையில் அந்தச் சட்டை இருந்தால் மனசு ஆறும் என்றும் சொன்னார். எரிக்கக்கூட வேண்டாம், வைத்துக்கொள்ளக் கொடு என்றார். சித்தி அவரை நேராகப் பார்த்தார்.

"அது கிழிஞ்சிட்டு அத்தான். அளத்துல போட்டேன். உப்பு தின்னுட்டு."

பெரியப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்று, "என் தம்பியக் கடல் ஒருதடவ கொன்னுது. நீ ரெண்டாவது தடவ கொன்னுட்ட" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதன் பிறகு அவர் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவருடைய குடும்பமும் மிதிக்கவில்லை. சித்தப்பா வழிச் சொந்தமெல்லாம் நல்லது கெட்டதுக்குச் சித்தியைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அந்த நீலச் சட்டையோடு சித்தியை நான் உப்பளத்தில் பார்த்ததே இல்லை. நான் கல்லூரியில் இருந்த ஏதோ ஒரு நாளில் போட்டிருப்பார் என்றே எண்ணினேன். எனக்கும் அவர்மேல் வருத்தம் இருந்தது. ஒன்றையாவது மிச்சம் வைத்திருக்கலாமே, மகளுக்காகவாவது என்று.

காணாமல் போனவர் ஏழு வருசம் திரும்பாவிட்டால்தான் சட்டம் அவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளும். கம்பெனி தரவேண்டிய பணமும் அதுவரை வராது. ஏழு வருசமும் கடந்தது. கோர்ட்டில் தீர்ப்பாகி வந்த அன்று சித்தி தானே தாலியைக் கழற்றினார். ஊரைக் கூட்டவில்லை, ஒப்பாரி வைக்கவில்லை. கடைசிச் சட்டை அதற்கு முந்தைய பருவத்திலேயே தீர்ந்திருந்தது. மறுநாள் ரேஷன் கடைத் தெருவில் வாங்கிய ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பேருந்திலிருந்து பார்த்தபோது உப்பளத்தில் யார் சித்தி என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதெல்லாம் நடந்து வெகுகாலமாகிவிட்டது. நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு ஏற்றுமதிக்குக் காகித வேலை பார்க்கும் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். சித்தியின் மகளுக்கு, என் தங்கைக்கு, கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்டது. சென்ற ஆண்டு ஒரு சரக்கு விஷயமாகக் காயல்பட்டினத்திலிருந்து வயதான ஒருவர் மகனோடு அலுவலகத்துக்கு வந்திருந்தார். வேலை முடியக் காத்திருந்த நேரத்தில் என் ஊரைக் கேட்டார். முத்தையாபுரம் என்றேன். அந்த ஊரில் ஒரு அண்ணாச்சி தன்னோடு கப்பலில் இருந்தார் என்றார். சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தவராம் இவர். பெயர் சொல்வதற்கு முன்பே, பூச்சட்டை அண்ணாச்சி என்றார்.

நான் அவருடைய மகள் முறை என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. மகனை வெளியே டீ குடிக்க அனுப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கப்பல் வாரக்கணக்கில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்ததாம். கரையும் விளக்கும் தெரியும், இறங்க விடமாட்டார்கள். மாற்று ஆள் வந்துவிட்டான் என்று ஒரு முறை சொல்லி, சித்தப்பா பெட்டியைக் கட்டி வைத்த பிறகு இல்லை என்றார்களாம். கப்பல் மறுபடியும் கடலுக்குக் கிளம்பிய பின் அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை, உறங்கவும் இல்லை.

"அன்னைக்கு டூட்டி முடிஞ்சு குளிச்சிட்டு வந்தாவ. நீலத்துல செவப்புப் பூ போட்ட சட்டை. தலையெல்லாம் சீவி. கப்பல்ல அவிய அப்படி உடுத்தி நான் பாத்ததே இல்ல. எங்கன போறிய அண்ணாச்சின்னு கேட்டேன். கரைக்குன்னாவ. சுத்திலும் தண்ணிம்மா. தமாஷுன்னு நெனச்சுச் சிரிச்சுட்டு உள்ள போயிட்டேன்."

விசாரணையில் இதை அவர் சொல்லவில்லை. குதித்தார் என்று எழுதிவிட்டால் வீட்டுக்காரிக்கு ஒன்றும் கிடைக்காது, பிள்ளைக்கும் கெட்ட பெயர் என்று மற்றவர்கள் சொன்னதால், தான் ஒன்றையும் பார்க்கவில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். "அல்லாட்டதான் சொல்லியிருக்கேன். இப்ப உன்கிட்ட" என்றார். போகும்போது சித்தி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அவர் ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, இருக்கிறார் காக்கா என்றேன்.

அன்று மாலையே முத்தையாபுரம் போனேன். சித்திக்கு இப்போது உப்பளம் இல்லை. அத்தனை வருச வெள்ளையில் கண்ணில் சதை வளர்ந்து பார்வை மங்கிவிட்டது. வாசலில் பீடத்தில் உட்கார்ந்து கை வாக்கில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். காயல்பட்டினத்துக்காரர் சொன்னதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் முன்னால் உட்கார்ந்ததும் யோசித்தவை எல்லாம் போய்விட்டன. சித்தப்பா அன்றைக்கு ஹவாய்ச் சட்டை போட்டிருந்தாராம் என்று மட்டும் சொன்னேன்.

சித்தியின் கை நிற்கவில்லை.

"தெரியும். பெட்டியத் தெறந்தன்னைக்கே தெரியும். அது ஒண்ணுதான் இல்ல."

எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. பலகையில் வைக்கப் பெரியப்பா கேட்டது இல்லாத சட்டையை. மற்றவை பெட்டியில் முழுசாக இருந்து அது மட்டும் இல்லையென்றால், எங்கே போயிற்று என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். கப்பலில் அவர் பூச்சட்டை போடமாட்டார் என்பது பெரியப்பாவுக்கும் தெரியும். ஆகவே எல்லாச் சட்டையும் கிழிய வேண்டியிருந்தது. ஊரறிய, வெட்டவெளியில், பேருந்தில் போகிறவர்கள் பார்க்கக் கிழிய வேண்டியிருந்தது. கால் வழுக்கி விழுந்த ஒருவருடைய மகளாகத் தங்கை வளர்ந்தாள், மணமுடித்துப் போனாள். அவளிடம் இதைச் சொல்லிவிட்டாரா என்று கேட்டேன். அவள் பிள்ளை பெற்றுப் புருசன் ஊருக்குத் திரும்பும் முன் தானே உட்காரவைத்துச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். இனி யாரிடம் சொன்னாலும் பரவாயில்லை என்றார்.

உடுத்தினால் வீட்டு ஆள் சட்டை என்று அன்று சொன்னது பொய்யா என்று கேட்டேன். "அதுவும் நெசந்தான் ஏளா. முதுகுல ஈரமா ஒட்டிக்கெடக்கும்லா. அவிய கூட நடக்க மாதிரி இருக்கும்."

பெரியப்பா சில வருசங்களுக்கு முன்பே இறந்துபோனார். அந்த வீட்டுக்குச் சித்தி போயிருந்தார். உள்ளே வரக் கூடாது என்று அவருடைய மகன்கள் தடுத்துவிட்டதால், பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்று, பாடை தெருவைத் தாண்டும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினார். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். அது நினைவுக்கு வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. பெரியப்பாவிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாமே சித்தி, அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாரே, கடைசிவரை உங்களைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தாரே என்றேன்.

சித்தி கீரைக் காம்புகளை ஒதுக்கித் தள்ளினார். கறுத்துத் தடித்த முன்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி தண்ணியில குதிச்சான்னு தெரிஞ்சா அந்த மனுசன் எத்தன நாள் இருந்திருப்பாரு? என்னையத் திட்டிக்கிட்டே பத்து வருசம் இருந்துட்டாருலா."